சீருடை துவைத்த பயிற்றுவிப்பாளர், எட்டு முறை தேசிய வெற்றி: டென்னசி மகளிர் கூடைப்பந்து அணியின் வரலாறு

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டில் தன் மகளிர் கூடைப்பந்து அணிக்குப் பயிற்றுவிப்பாளராக அமர்த்திய பெண்ணுக்கு வயது 22. மாதச் சம்பளம் 250 அமெரிக்க டாலர். ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகளின் சீருடைகளைத் துவைத்தவர் அவர். வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டிச் சென்றவரும் அவரே. அந்தச் சீருடைகள்கூட, டோனட் விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கியவை.

பேட்ரிசியா ஹெட் என்ற அந்தப் பெண்தான் பின்னாளில் பேட் சம்மிட் என்ற பெயரில் உலகம் அறிந்த பயிற்றுவிப்பாளர் ஆனார். 38 பருவங்கள், 1,098 வெற்றிகள், 208 தோல்விகள், எட்டு தேசியப் பட்டங்கள். இந்த எண்களைப் பார்ப்பவர்களுக்கு, தொடக்கத்திலிருந்தே வசதிகள் நிறைந்த அணி என்றுதான் தோன்றும். உண்மையில் இது ஒருமுறை முற்றாக மூடப்பட்ட அணி. விளையாடும் உரிமை, ஆட்ட விதி, அணியின் பெயர் என ஒவ்வொன்றும் வேறு யாரோ எடுக்கும் முடிவைச் சார்ந்தே இருந்தது.

34 ஆண்டுகள் இல்லாமற்போன அணி

டென்னசி மாநிலத்தின் கிழக்கே நாக்ஸ்வில் நகரில் இருக்கிறது இப்பல்கலைக்கழகம். ஜேம்ஸ் நேய்ஸ்மித் 1891ஆம் ஆண்டு இறுதியில் கூடைப்பந்தை உருவாக்கிய மறு ஆண்டே அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அதை ஆடத் தொடங்கிவிட்டனர். டென்னசி மாணவிகள் 1903ல் முதன்முதலாக ஓர் அணியாகக் களமிறங்கினர்.

அந்த அணி 1926ல் கைவிடப்பட்டது. பெண்கள் பிற கல்லூரிகளோடு போட்டி போடுவது உடலுக்கும் மனத்துக்கும் ஆகாது என்ற கருத்து அப்போது அமெரிக்கா முழுவதும் வலுத்திருந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் உடற்கல்வித் துறைப் பெண்களும் பலர். பரிசுக்காகவும் கூட்டத்துக்காகவும் ஆடும் ஆண்கள் விளையாட்டின் கேடுகள் மாணவிகளைத் தொடக்கூடாது என்பது அவர்கள் வாதம். பாதுகாப்பு என்ற பெயரில் பறிபோனது வாய்ப்புதான்.

அணி மீண்டும் உருவாக 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அது பல்கலைக்கழகத்தின் முழு ஆதரவு பெற்ற அணியாக இல்லை. அன்று அதன் பெயர் ‘வாலெட்ஸ்’. இன்றைய ‘லேடி வாலண்டியர்ஸ்’, சுருக்கமாக ‘லேடி வால்ஸ்’, பிறகு வந்தது. 1812ல் தொடங்கிய போரில் டென்னசி மக்கள் தாமாக முன்வந்து படையில் சேர்ந்ததால் அம்மாநிலத்துக்கே ‘தொண்டூழியர் மாநிலம்’ என்ற சிறப்புப் பெயர் உண்டு. அணியின் பெயரும் அதிலிருந்து பிறந்ததுதான்.

விளையாட்டைக் குறிப்பிடாத விளையாட்டுச் சட்டம்

‘டைட்டில் நைன்’ என்று அழைக்கப்படும் ஒன்பதாம் பிரிவுச் சட்டம் 1972 ஜூன் மாதம் நடப்புக்கு வந்தது. மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிலையமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்பதே அதன் சாரம். ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள். அவற்றில் ‘விளையாட்டு’ என்ற சொல் இல்லை. ஹவாய் மாநிலத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் பேட்சி மிங்க், சட்டம் நிறைவேறப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். மருத்துவம் படிக்க விரும்பிய அவர், பெண் என்பதால் பல கல்லூரிகளால் நிராகரிக்கப்பட்டவர்.

சட்டம் வந்த மறுநாளே அரங்குகள் திறந்துவிடவில்லை. குமாரி ஹெட் பொறுப்பேற்றது சட்டம் வந்து ஈராண்டு கழித்து. துணைப் பயிற்றுவிப்பாளராக இருந்துகொண்டே முதுகலைப் படிப்பைத் தொடரலாம் என்ற எண்ணத்தில் வந்தவர் அவர். தலைமைப் பயிற்றுவிப்பாளர் விலகிவிட, முழுப் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது. அணியில் சிலர் அவரைவிட ஒரு வயதுதான் இளையவர்கள். உடற்கல்வி வகுப்புகள் எடுப்பது, தம் முதுகலைப் படிப்பு, முழங்கால் காயத்திலிருந்து மீண்டு ஒலிம்பிக்கிற்குத் தயாராவது எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன.

1974 டிசம்பர் 7ஆம் தேதி மெர்சர் பல்கலைக்கழகத்திற்கு எதிரான முதல் ஆட்டத்தில் அணி 83-84 என ஒரே புள்ளியில் தோற்றது. முதல் வெற்றி கிட்ட ஒரு மாதத்துக்கும் மேலானது. வெளியூர் போனால் ஹோட்டலுக்குப் பணமிருக்காது. எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையிலேயே உறங்கும் பைகளை விரித்துப் படுத்து, மறுநாள் அவர்களோடே மோதிய காலம் அது. ஆனாலும் அந்தப் பருவம் 16 வெற்றி, 8 தோல்வி என முடிந்தது.

1976ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மகளிர் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அமெரிக்க அணியில் ஆடிய குமாரி ஹெட் வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பினார். அதே ஆண்டு டென்னசி பல்கலைக்கழகம் மகளிர் விளையாட்டுக்கென்றே தனித் துறை அமைத்தது. தனி இயக்குநர், தனி நிதி. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மகளிர் அணிகள் ஆண்கள் துறையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நாளில் இது அரிதான ஏற்பாடு. இந்த அணி வளர்ந்ததற்குப் பயிற்றுவிப்பாளரின் கண்டிப்பை மட்டும் காரணம் சொல்வோர் இந்தத் தனித் துறையை மறந்துவிடுகிறார்கள்.

வலைப்பந்து போல ஒரு கூடைப்பந்து

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளியில் வலைப்பந்து ஆடியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். தற்காப்பு ஆட்டக்காரர் கோட்டைத் தாண்டி வந்து பந்தை வளையத்தில் போட முடியாது. அவரவர் பகுதி அவரவருக்கு. பெண்களுக்காக மாற்றியமைக்கப்பட்ட பழைய கூடைப்பந்திலிருந்து இங்கிலாந்தில் கிளைத்ததுதான் வலைப்பந்து.

டென்னசி மாநில உயர்நிலைப்பள்ளி மாணவிகள் 1970களிலும் அப்படிப்பட்ட கூடைப்பந்தையே ஆடிவந்தனர். அணிக்கு அறுவர். மூவர் ஒரு பாதியில் தாக்குவார்கள், மற்ற மூவர் மறுபாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. பெண்கள் திடல் முழுவதும் ஓடினால் களைத்துவிடுவார்கள் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை.

பல்கலைக்கழக அணிகள் அதற்குள் ஐவர் ஆடும் முழுத்திடல் ஆட்டத்துக்கு மாறிவிட்டன. ஆகவே, தடுப்பாட்டம் மட்டுமே ஆடிப் பழகிய மாணவிக்குப் பந்தை வளையத்தில் போட்ட அனுபவமே இருக்காது. எந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு உபகாரச் சம்பளம் தரும்? ஓக் ரிட்ஜ் நகரப் பள்ளி மாணவி ஒருவர் இதே கேள்வியுடன் 1976ல் நீதிமன்றம் சென்றார். டென்னசியின் இளம் பயிற்றுவிப்பாளர் அவருக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். விதி மாறும்வரை சொந்த மாநில மாணவிகளைச் சேர்க்கப்போவதில்லை என்றும் அவர் உறுதியாகக் கூறினார். கீழ் நீதிமன்றத்தில் வென்ற மாணவி மேல்முறையீட்டில் தோற்றார். எனினும் 1979ல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் தானாகவே ஐவர் ஆட்டத்துக்கு மாறியது. பட்டங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த வழக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மாநிலத்துப் பெண்பிள்ளைகளுக்கு இதனால் கிடைத்தது பட்டங்களைவிடப் பெரிது.

பதின்மூன்று ஆண்டு காத்திருப்பு

மகளிர் கல்லூரி விளையாட்டுகளை 1971 முதல் பெண்களே நடத்திய தனிச் சங்கம் ஒன்று கவனித்துவந்தது. அதன் தேசிய இறுதி ஆட்டத்திற்கு 1980லும் 1981லும் டென்னசி முன்னேறி, இருமுறையும் தோற்றது. 1982ல் ‘என்சிஏஏ’ எனும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிர் போட்டியைத் தன்கீழ் நடத்தத் தொடங்கியது. ஆண்கள் போட்டிகளால் பணமும் தொலைக்காட்சித் தொடர்பும் பெற்றிருந்த பெரிய சங்கம் அது. பெண்களின் சங்கத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. அது கலைந்தது.

பணம் வந்த இடத்துக்கு ஆண்களும் வந்தனர். 1972ல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்கள் பயிற்சி அளித்தார்கள். பின்னர் அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. டென்னசியில் மட்டும் 1960 முதல் இன்றுவரை தலைமைப் பயிற்றுவிப்பாளர் நாற்காலியில் பெண்களே அமர்ந்துள்ளனர்.

மணமாகித் திருவாட்டி சம்மிட் ஆகியிருந்த பயிற்றுவிப்பாளர், 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தார். ஆனால் அதே ஆண்டு என்சிஏஏ இறுதி ஆட்டத்தில் அவருடைய பல்கலைக்கழக அணி மீண்டும் தோற்றது. முக்கியமான ஆட்டத்தில் வெல்லத் தெரியாதவர் என்ற பேச்சு எழத்தான் செய்தது. அவரது 13ஆவது பருவத்தில், 1987ல், லூசியானா டெக் அணியை 67-44 என வீழ்த்தி டென்னசி முதல்முறையாகத் தேசிய வெற்றியாளர் ஆனது.

அந்த ஆண்டின் இறுதியில் நடந்ததும் வரலாற்றில் பதிந்தது. புதிதாகத் திறக்கப்பட்ட தாம்சன்-போலிங் அரங்கில் டெக்சஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தைக் காண 24,563 பேர் திரண்டனர். கல்லூரி மகளிர் கூடைப்பந்தில் அதுவரை காணாத கூட்டம். அன்று டென்னசி 78-97 எனத் தோற்றது என்பது வேறு விஷயம்.

முதல் மூன்று வரிசை

1989, 1991 ஆண்டுகளிலும் பட்டங்கள் வந்தன. இவ்வளவு வெற்றிகளுக்கு இடையே திருவாட்டி சம்மிட் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. வீராங்கனைகள் வகுப்பைத் தவறவிடக்கூடாது. விரிவுரை அரங்கில் முதல் மூன்று வரிசைகளில்தான் உட்கார வேண்டும். அவரிடம் முழுக்காலம் ஆடி முடித்த ஒவ்வொருவரும் பட்டப்படிப்பையும் முடித்தார்கள். ‘விளையாட்டா, படிப்பா’ என்று பிள்ளைகளிடம் கேட்கும் நம் வீடுகளில் 1,098 என்ற எண்ணைவிட இந்தச் செய்திக்கு மதிப்பு அதிகம் இருக்கும்.

டென்னசி பண்ணை வீட்டில், நான்கு உடன்பிறப்புகளுக்கு நடுவே வைக்கோல் கட்டுகளைச் சுமந்து வளர்ந்தவர் அவர். உள்ளூர்ப் பள்ளியில் பெண்கள் கூடைப்பந்து அணி இல்லாததால், மகள் ஆட வேண்டும் என்பதற்காகவே குடும்பத்தை வேறு ஊருக்கு மாற்றினார் தந்தை. கண்டிப்பும் கடும் உழைப்பும் அந்த வீட்டிலிருந்து வந்தவை.

அவரது பிடிவாதத்துக்கு 1990ஆம் ஆண்டு சம்பவம் ஒன்றை இன்றும் சொல்கிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோது மிஷெல் மார்சினியாக் என்ற மாணவியைத் தம் அணிக்கு அழைக்கப் பென்சில்வேனியாவுக்குப் பறந்தார். அங்கே பிரசவ வலி கண்டது. பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்று விமானத்தில் திரும்பி, மகனைப் பெற்றெடுத்தார். மார்சினியாக் முதலில் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பிறகு டென்னசிக்கு மாறிவந்தார். 1996 பட்டத்தை வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.

1997ல் 10 ஆட்டங்களில் தோற்ற அணி, யாரும் எதிர்பாராத விதமாகப் பட்டத்தைத் தக்கவைத்தது. மறு ஆண்டு ஷமீக் ஹோல்ட்ஸ்கிளா, செமீக்கா ரேண்டல், தமிக்கா கேட்சிங்ஸ் மூவரும் சேர்ந்தபோது 39 ஆட்டங்களில் 39 வெற்றி. இவர்களில் கேட்சிங்ஸ் பிறவியிலேயே செவித்திறன் குறைபாடு உள்ளவர். பின்னாளில் நான்கு ஒலிம்பிக் தங்கங்களை வென்றார்.

இதே காலத்தில்தான் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துடனான பகை முற்றியது. 1995 ஜனவரியில் முதன்முதலாக மோதிய இரு அணிகளும் 2007 வரை 22 முறை சந்தித்தன. தொலைக்காட்சி நிறுவனங்கள் மகளிர் கூடைப்பந்துக்கு நல்ல நேரம் ஒதுக்க இந்த மோதல் பெரிய காரணம். 2007க்குப் பிறகு அதை நிறுத்திக்கொண்டவர் திருவாட்டி சம்மிட்தான்.

ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் வேலை தொடர்பாக டென்னசி அவரை இருமுறை அணுகியது. அவர் ஏற்கவில்லை. ஆண்கள் அணிக்குப் போவதை ஏன் பதவி உயர்வாகப் பார்க்கிறார்கள் என்பது அவர் கேள்வி. 2006ல் ஆண்டுக்கு ஒரு மில்லியன் டாலருக்கு மேல் சம்பளம் பெற்ற முதல் மகளிர் கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளர் ஆனார். அதே ஆண்டு கேண்டஸ் பார்க்கர், என்சிஏஏ மகளிர் போட்டியில் வளையத்துக்கு மேலே எழும்பிப் பந்தைத் திணித்த முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். அவர் தலைமையில் 2007, 2008 ஆண்டுகளில் ஏழாவது, எட்டாவது பட்டங்கள் கிடைத்தன.

நினைவு மங்கிய பருவம்

2011 ஆகஸ்டில் திருவாட்டி சம்மிட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வயது 59. இளவயதிலேயே தாக்கும் அல்ஸைமர் வகை மறதிநோய் தமக்கு ஏற்பட்டிருப்பதாகக் கூறினார். மறைக்காமல் சொன்னதோடு, அந்தப் பருவம் முழுவதும் அணியுடன் இருக்கப்போவதாகவும் தெரிவித்தார்.

அணியை நடத்தும் வேலையில் பெரும்பகுதியைத் துணைப் பயிற்றுவிப்பாளர் ஹோலி வார்லிக் ஏற்றார். 1970களின் இறுதியில் இதே அணியில் ஆடியவர் அவர். 2012 மார்ச்சில் காலிறுதிச் சுற்றில், அந்த ஆண்டு தோல்வியே காணாத பேய்லர் அணியிடம் டென்னசி தோற்றது. அதுவே திருவாட்டி சம்மிட்டின் கடைசி ஆட்டம். அடுத்த மாதம் பொறுப்பை வார்லிக்கிடம் ஒப்படைத்தார். 2016 ஜூன் 28ஆம் தேதி, 64ஆம் வயதில் காலமானார். அப்போது கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண், பெண் இருபாலரிலும் என்சிஏஏ முதல் பிரிவில் அவரளவு வெற்றிகளைக் குவித்தவர் யாரும் இல்லை. மகளிர் கூடைப்பந்தில் 2020 டிசம்பரில்தான் ஸ்டான்ஃபர்டின் டாரா வான்டெர்வீர் அந்த எண்ணைக் கடந்தார்.

பெயருக்கு ஒரு போராட்டம்

அவர் பதவி விலகிய அதே 2012ல் மகளிர் விளையாட்டின் தனித் துறை ஆண்கள் துறையுடன் இணைக்கப்பட்டது. 2014 நவம்பரில் அடுத்த அறிவிப்பு வந்தது. சீருடை நிறுவனம் மாறும்போது எல்லா அணிகளுக்கும் ஒரே பெயர், ஒரே சின்னம் என்றது நிர்வாகம். கூடைப்பந்து தவிர மற்ற மகளிர் அணிகள் அனைத்தும் 2015 ஜூலை முதல் ‘லேடி’ என்ற முன்னொட்டை இழந்தன.

இதில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆண்கள் அணிக்கு முன்னால் ‘ஆண்’ என்று யாரும் எழுதுவதில்லை, பெண்களுக்கு மட்டும் ஏன் அடைமொழி என்ற கேள்வி சரியானதே. தமிழில் ‘வீரர்’ போதாதா, ‘வீராங்கனை’ தேவையா என்று நாமும் விவாதிப்பதுண்டு. ஆனால் நாக்ஸ்வில் முன்னாள் வீராங்கனைகள் அந்தச் சொல்லை அடைமொழியாகப் பார்க்கவில்லை. நிதியில்லாத நாளில் தாங்களே உருவாக்கிய அடையாளம் அது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆண்கள் அணியின் பெயர் என்றார்கள். மனுக்கள், கடிதங்கள், ஆர்ப்பாட்டங்கள் தொடர்ந்தன. புதிய நிர்வாகம் 2017 செப்டம்பரில் எல்லா மகளிர் அணிகளுக்கும் பெயரைத் திருப்பித் தந்தது.

இப்போது

2008க்குப் பிறகு 2025 வரை டென்னசி இறுதி நால்வர் சுற்றை எட்டவில்லை. ஆயினும் 1982ல் தொடங்கிய என்சிஏஏ மகளிர் போட்டி நடந்த எந்த ஆண்டிலும், 2025 வரை, அந்த அணி இடம்பெறாமல் போனதில்லை. வேறு எந்த அணிக்கும் அந்தப் பெருமை இல்லை. வார்லிக் 2019ல் நீக்கப்பட்டார். 1996 முதல் 1998 வரை மூன்று பட்டங்களை வென்ற அணியின் ஆட்டக்காரர் கெல்லி ஹார்ப்பர் அவருக்குப் பின் வந்து, 2024ல் அவரும் நீக்கப்பட்டார்.

பிறகு வந்த கிம் கால்ட்வெல், திருவாட்டி சம்மிட்டுடன் ஆடியவரோ பணியாற்றியவரோ அல்ல. அரைநூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த முதல் பயிற்றுவிப்பாளர் அவர். 2025 ஜனவரியில், பருவத்தின் நடுவே, மகனைப் பெற்றெடுத்த அவர் ஒரு வாரத்தில் பணிக்குத் திரும்பினார். அடுத்த மாதம் 6ஆம் தேதி, ‘த சம்மிட்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆட்டத்தளத்தில், கனெக்டிகட் அணியை 80-76 என டென்னசி வென்றது. அந்த அணிக்கு எதிராக 2007க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது.